ஃபர் கோட்டும் புதுச்சேரிக் காற்றும்

(புதுச்சேரியில் மகளிர் மன்றக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். மார்கழி விடியலில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்குகிற ஊர் இது. இங்கே ‘வீட்டில் ஃபர் ஆடைகளைப் பேணுதல்’ என்று ஒரு பேச்சு! நானே மின்விசிறியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினேன். ஆனால் இதே தலைப்பைக் கடலூரிலோ விழுப்புரத்திலோ வைத்திருந்தால் நாற்காலிகள் காலியாக இருந்திருக்கும். இங்கே நிறைந்திருக்கிறது. ஏன் என்பது உங்களுக்கே தெரியும்.

1954 நவம்பர் 1 அன்று இந்த ஊரின் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது அந்த ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தவர்களில் சொல்தா, அதாவது சிப்பாய்க் குடும்பங்கள் நிறைய. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு, பிறகு பிரான்சிலேயே தங்கினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பாரிஸ் புறநகரில், சார்செல்லிலும் கார்ழ் லே கொனெஸிலும், சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நின்றார்கள். பென்ஷன் வந்ததும் சிலர் ஊர் திரும்பினார்கள். பெட்டியோடு கோட்டும் வந்தது. உடுத்த வழியில்லை, தூக்கிப் போட மனமும் இல்லை.

பாரிஸின் பத்தாம் வட்டாரத்தில் ஓத்வில் வீதியும் ஃபோபூர் புவாசொன்னியேர் வீதியும் ஒரு காலத்தில் ஃபர் வணிகர்களின் பேட்டை. நம்மவர்கள் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகிற லா ஷப்பெல் அதே வட்டாரத்தின் வடக்கு விளிம்பில்தான் இருக்கிறது. ஆகவே ஃபரும் புதுச்சேரியும் ஒன்றுக்கொன்று அத்தனை அந்நியம் இல்லை.

இன்னும் பின்னால் போனாலும் தமிழனுக்கு மயிராடை புதிதில்லை. புகாரில் பட்டு, பருத்தியோடு மயிரையும் நூலாக்கி நெய்த தெருவைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சீவக சிந்தாமணியில் செந்நிற எலியின் மயிரால் செய்த கம்பலம் வருகிறது. அந்த எலிகள் நெருப்பையே தின்பவையாம். நம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் சகலாத்து, அதாவது ஐரோப்பியக் கம்பளித் துணி, வெகுமானமாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இந்த வெயிலில் அதை எத்தனை பேர் தைத்துப் போட்டிருப்பார்கள்? மரியாதைக்கு வந்த துணி மரியாதையாகப் பெட்டியில் கிடந்து பூச்சிக்குப் போயிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்த ஊருக்கு இருந்த தொல்லைதான் இது.

சரி, கோட்டுக்கு வருவோம்.

ஃபர் கோட்டு என்பது மயிரோடு பதனிட்ட தோல். உள்ளே பட்டு லைனிங் மூடியிருப்பதால் தோல் கண்ணில் படுவதில்லை. அதனால் எல்லோரும் மயிரைக் கவனிக்கிறார்கள், தடவுகிறார்கள், வாருகிறார்கள். கோட்டின் ஆயுள் இருப்பதோ தோலில். மயிர் கெரட்டின்; நம் நகமும் தலைமுடியும் அதே பொருள்தான், சுலபத்தில் கெடாது. தோல் கொலாஜன், அது வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தளர்ந்துபோகும்.

வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ செருப்புத் தோலைப் பதனிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். அங்கே பெரும்பாலும் குரோம் உப்பு. குரோம் பிடித்த தோல் நனைந்தாலும் காய்ந்தாலும் பெரிதாக மாறாது. ஃபருக்கு வேண்டியதோ மெல்லிய, துணிபோல் தொங்கும் தோல். ஆகவே உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, படிகாரம் அல்லது அதையொத்த அலுமினிய உப்பு கொடுத்து, எண்ணெய் ஏற்றிப் பிசைந்து மென்மையாக்குவது பழைய முறை. படிகாரம் தோலோடு இறுகப் பிடிப்பதில்லை, தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறும். எண்ணெயும் போய்விடும். பிறகு காயும்போது தோல் சுருங்கி அப்பளம்போல் விறைக்கும். ஃபர் கோட்டை வாளியில் முக்கித் துவைத்தவர்கள் அடுத்த நாள் கண்டது இதைத்தான். மழையில் மேலாக நனைவது வேறு விஷயம்: மயிரில் இரண்டு அடுக்கு உண்டு, நீண்ட மேல்மயிரும் அடர்ந்த அடிமயிரும். மேல்மயிர் நீரை வழியவிட்டுவிடும். தோல்வரை நீர் இறங்குவதுதான் ஆபத்து.

உங்களிடம் இருப்பது உண்மையான ஃபர்தானா? நிறைய வீடுகளில் பாட்டியின் ‘விசோன்’, அதாவது மிங்க், கோட்டு என்று பெருமையாகச் சொல்வதை எடுத்துப் பார்த்தால் முயல். சில சமயம் அக்ரிலிக். மயிரை விரலால் பிரித்து அடியைப் பாருங்கள். பின்னல் துணி தெரிந்தால் செயற்கை. தோல் தெரிந்தால் அசல். ஒரே ஒரு மயிரைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால் அசல் முடி கருகும் நாற்றம் அடித்துப் பொடியாகும், செயற்கை உருகிச் சிறு மணியாகத் திரளும். கோட்டை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மயிரைத் தனியே எடுத்துச் செய்யுங்கள். மிங்க் நன்றாக வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். முயல் சில குளிர்காலங்களிலேயே உதிர ஆரம்பிக்கும். அது உங்கள் பராமரிப்பின் குறையில்லை, முயல் மயிரின் குணம். சுருள் சுருளாகக் கறுப்பாக இருப்பது காரகுல் ஆட்டுக்குட்டித் தோல், அஸ்த்ரகான் என்பார்கள். போருக்குப் பிந்தைய பிரான்சில் நடுத்தரக் குடும்பப் பெண்கள் மிகவும் விரும்பிய ரகம். அதன் மயிர் உறுதியானது, தோல்தான் முதலில் கிழியும்.

இனி ஊரைப் பற்றி. பிரான்சில் கோடை வந்தால் ஃபரைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடும் வழக்கம் இருந்தது. அவர்களிடம் குளிர்அறை உண்டு: பத்து டிகிரி அளவில் வெப்பம், ஐம்பது விழுக்காடு ஈரப்பதம், இருட்டு. பாரிஸின் கோடையே ஃபருக்கு ஆகாது என்று நினைத்தவர்கள் அவர்கள். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி எழுபது விழுக்காட்டுக்கு மேல். பூஞ்சணம் பூக்க எழுபது போதும். ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம், உப்பு ஜாடியே அழுகிறது. அதோடு கடலோரக் காற்றில் உப்பு; உப்பு படிந்த பொருள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பெரிய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: சுவரே நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும். அந்தச் சுவரில் ஒட்டி நிற்கிற அலமாரி பின்பக்கம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.

இந்த ஈரமும் வெப்பமும் சேர்ந்து வருடக்கணக்கில் தோலுக்குள் மிச்சமிருக்கும் அமிலத்தை வேலை செய்ய விடுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. மயிர் பளபளக்கும். ஒருநாள் கையை நுழைத்தால் தோள்மூட்டில் நனைந்த காகிதம்போல் கிழியும். நம் ஊரில் ஃபர் கோட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன, அழுக்கினால் அல்ல. ஆகவே என் பேச்சில் ‘சுத்தம் செய்வது’ கொஞ்சம்தான் வரும். ‘உலர்த்தி வைப்பது’ நிறைய வரும். எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த ஊரில் இதற்கு வழிகாட்டத் தகுந்த அனுபவம் இல்லாமல் இல்லை. செயின்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள சைவ ஓலைச்சுவடிகள் ஊரின் மற்ற சுவடித் தொகுப்புகளோடு சேர்ந்து 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலைக்கும் ஃபருக்கும் எதிரிகள் ஒன்றேதான், ஈரமும் பூச்சியும். சிகிச்சை மட்டும் வேறு: ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள், ஃபருக்கு எந்த எண்ணெயும் தடவக் கூடாது, தூசு ஒட்டிப் பிசுக்காகும். சுவடி காப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணெயை அல்ல, அவர்களுடைய பழக்கத்தை. அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும், பார்த்ததைக் குறித்து வைப்பதும்தான் அந்தப் பழக்கம்.

சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி அலமாரிக்கு வெளியே வையுங்கள். அது அறுபதுக்குக் கீழே காட்டும் நாளில் கோட்டை வெளியே எடுங்கள். எழுபதைத் தாண்டினால் கதவைத் திறக்காதீர்கள். நம் ஊரில் அந்த நல்ல நேரம் எப்போது? கத்திரியிலிருந்து ஆடி வரை மேல்காற்று அடிக்கும் நாட்களில், காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி, நண்பகல் வாக்கில் கடற்காற்று திரும்புமுன். கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கோட்டை எடுத்துவிட வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலையில் காற்று வாங்குவது நமக்கு நல்லது, கோட்டுக்கு நல்லதில்லை. எந்த நாளானாலும் நிழலில்தான். வெயில் நிறத்தை வெளுக்கும், தோலின் எண்ணெயை வற்ற வைக்கும். மொட்டைமாடிக் கொடியில் மிளகாயோடு கோட்டையும் காயப்போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது பூச்சி. சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையான உறை ஒன்று மெல்ல ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். பூசணி விதைபோல், இரு முனையிலும் கூர்த்திருக்கும். அதன் உள்ளே இருப்பது அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு புழு. சிலந்தி நூல், உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் அதற்கு உணவு. இதன் உறவுகளான ஆடை அந்துக்களும், கம்பள வண்டுகளும்தான் ஃபரை மேய்பவை. பறக்கும் அந்து எதையும் தின்பதில்லை. அதற்குத் தின்னும் வாயே இல்லை எனலாம். தின்பது அதன் புழு. கெரட்டினைச் செரிக்கக்கூடிய உயிர்கள் உலகில் அபூர்வம், இவை அந்த வித்தையைக் கற்றவை. ஆனால் வெறும் கெரட்டினால் மட்டும் அவை நன்றாக வளர்வதில்லை. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் படிந்த இடமே அவற்றுக்குப் பிடிக்கும். கழுத்துப் பட்டையிலும் கைநுனியிலும் முதலில் ஓட்டை விழுவது அதனால்தான். ஒரு இடத்தில் மயிர் கொத்தாக வேரோடு உதிர்ந்தால் தோல் கெட்டிருக்கிறது. அடியில் கத்திரித்தாற்போல் துண்டாகி உதிர்ந்தால் புழு. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இன்னொன்று, காகிதத்தையும் கஞ்சி போட்ட துணியையும் அரிக்கும் வெள்ளிப்பூச்சியின் மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள். அதற்கு மாவுப்பொருள்தான் பிரியம்.

புழு இருப்பது தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம், குளிரால் கொல்லலாம். கழுத்துத் துண்டு, தொப்பி, சிறிய கோட்டு என்றால் நம் வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியே போதும், அது மைனஸ் பதினெட்டு டிகிரி காட்டுகிறது என்றால். முதலில் நன்றாக உலர்த்துங்கள். பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டி, இரண்டு வாரம் உள்ளே விடுங்கள். எடுத்தபின் பையை உடனே பிரிக்காதீர்கள். ஒரு முழு நாள் அப்படியே வெளியே கிடக்கட்டும். குளிர்ந்த பொருளின்மேல் நம் ஊர்க் காற்றுப் பட்டால் நீர்முத்து கோக்கும். அது கோட்டின்மேல் கோக்காமல் பையின்மேல் கோக்கட்டும். பிரித்தபின் வெளியில் கொண்டுபோய் உதறினால் செத்த புழுவும் முட்டையும் கொட்டும். மீன் வைத்த உறைபெட்டியில் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்துருண்டையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பீரோக்களைத் திறந்தால் முதலில் வருவது அந்த வாசனைதான். நாப்தலின் உருண்டைகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் விற்பனையில் இல்லை. இங்கிருந்து கோட்டை எடுத்துப் போகும் பிள்ளைகள் அங்கே பாரிஸ் மெட்ரோவில் தனியாக ஓர் இடம் கிடைத்து உட்காரலாம். அவ்வளவு நாற்றம் ஃபரில் தங்கும். நாற்றம் போகட்டும். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்துருண்டை வைத்த துணியில் அந்தக் குழந்தையைச் சுற்றினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். பிள்ளை பிறந்த வீட்டில் அந்துருண்டை வாடையே கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறான பழக்கம்: அந்துருண்டையோடு கற்பூரத்தையும் சேர்த்து வைப்பது. தனித்தனியே இவை நம் வெப்பத்தில் உருகாது. அந்துருண்டை உருக எண்பது டிகிரி வேண்டும், கற்பூரத்துக்கு நூற்றெழுபதுக்கு மேல். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் உருகுநிலை முப்பத்திரண்டு டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். சித்திரை மாதம் பீரோவுக்குள் அதைவிடச் சூடு. பையில் எண்ணெய்க் கறை எங்கிருந்து வந்தது என்று தேடுவீர்கள், இதிலிருந்துதான். வேப்பிலையும் வசம்பும் வைக்கலாம். கெடுதல் இல்லை, காய்ந்தபின் அடிக்கடி மாற்றினால். அவற்றை மட்டும் நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது. சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டவே வேண்டாம். தலைமுடிக்கு அது மணம், ஃபருக்குப் பிசின். புகையில் வரும் பிசின் மயிரில் படிந்து கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கும், அதை எடுக்க வழியே இல்லை.

சுத்தம் செய்வதைக் கேட்டுத்தானே வந்தீர்கள், இதோ.

ஆண்டிஸ் மலையில் சின்சில்லா என்றொரு சிறு பிராணி இருக்கிறது. அதன் ஒரு மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட மயிர் முளைக்கும். அவ்வளவு அடர்த்தியில் நீர் புகுந்தால் காயாது, ஆகவே அது தண்ணீரில் குளிப்பதில்லை. எரிமலைச் சாம்பல் பொடியில் புரண்டு எழுந்து உதறிக்கொள்ளும். நம் வாசலில் சிட்டுக்குருவி மண்ணில் புரள்வதும் இந்தக் காரியம்தான். ஃபர் வெளுப்பவர்கள் செய்வதும் அதுவே: பெரிய மரப் பீப்பாய்க்குள் கெட்டி மரத் தூளை லேசாகக் கரைப்பான் தெளித்துப் போட்டு, கோட்டையும் போட்டுச் சுழற்றுவார்கள். தூள் அழுக்கையும் பிசுக்கையும் உறிஞ்சும். பிறகு கம்பிக்கூண்டில் சுழற்றித் தூளை உதிர்ப்பார்கள்.

வீட்டில் அந்த வேலைக்குப் பிரெஞ்சுப் பாட்டிமார் பயன்படுத்தியது தவிடு. ‘தவிடுதானே, நம்மிடம் இல்லாததா?’ என்று எழுந்து போய்விடாதீர்கள். அவர்கள் சொன்னது கோதுமைத் தவிடு. நம் அரிசித் தவிட்டில் எண்ணெய் உண்டு. நூற்றுக்குப் பதினைந்து பங்கு வாக்கில் இருக்கும், அதிலிருந்துதானே தவிட்டெண்ணெய் எடுக்கிறார்கள். அதை ஃபரில் தேய்த்தால் பிசுக்கை எடுக்காது, புதுப் பிசுக்கைச் சேர்க்கும், இரண்டே வாரத்தில் சிக்கு வாடையும் வரும். மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும் கோதுமைத் தவிட்டில் தூசும் வண்டும் இருக்கும். சமையலுக்கு விற்கும் சுத்தமான தவிட்டை வாங்கிச் சலித்து, மாவை நீக்கிவிட்டு, செதிலை மட்டும் எடுங்கள். வெறும் வாணலியில் சிறு தீயில் புரட்டுங்கள். வறுக்க வேண்டாம், உள்ளங்கையில் அள்ளினால் இதமான சூடு போதும்.

பழைய வெள்ளை வேட்டியை மேசைமேல் விரித்து, கோட்டை மயிர் மேலாகப் பரப்புங்கள். தவிட்டைத் தூவி, விரல்நுனியால் மயிரின் அடிவரை போகும்படி, தலைக்கு எண்ணெய் தேய்ப்பதைவிட மென்மையாகத் தேய்த்துக் கொடுங்கள். கழுத்திலும் கைநுனியிலும் இரண்டு முறை. அரை மணி நேரம் விட்டு, வெளியில் கொண்டுபோய் உதறுங்கள். தவிடு சாம்பல் நிறத்தில் வந்தால் மறுபடி புதுத் தவிடு. நிறம் மாறாமல் வந்தால் போதும். மிச்சத் தவிட்டை உறிஞ்சி எடுப்பதில் சோம்பல் கூடாது: வாக்குவம் குழாயின் வாயில் மெல்லிய மல் துணி கட்டி, குறைந்த விசையில், மயிரின் போக்கிலேயே இழுங்கள். உள்ளே தங்கிய தவிடு பூச்சிக்குச் சோறு. சோளமாவு, முகப்பவுடர் என்று யோசனைகள் வரும். அவை பொடியாகத் தோல்வரை இறங்கி வெளியே வராது. மரத்தூள் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் தேக்கு, வேங்கை போன்ற நிறம் இறங்கும் மரங்களின் தூள் வெளிர்நிற ஃபரைக் கறையாக்கும்.

இதையும் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். உடுத்தாத கோட்டுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

டிரைகிளீனிங்? நம் ஊர்ப் பக்கம் பல கடைகளில் பயன்படுவது மினரல் டர்பன்டைன் வகை எண்ணெய்க் கரைப்பான். பெரிய கடைகளில் பெர்குளோரோஎத்திலீன். கம்பளிக்கும் பட்டுக்கும் அவை சரி. ஃபரின் தோலுக்குள் இருக்கும் எண்ணெயை அவை கழுவிவிடும். பிறகு இயந்திரம் சூட்டில் உலர்த்தும். கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் வேலை துணி வெளுப்பது. ‘ஃபருக்கென்று தனி முறை உண்டா?’ என்று கேளுங்கள். ‘எல்லாம் ஒன்றுதாம்மா’ என்று பதில் வந்தால் கோட்டை எடுத்துக்கொண்டு வீடு திரும்புங்கள். லைனிங் அழுக்காக இருந்தால் அதை மட்டும் பிரித்துத் துவைத்து மறுபடி தைப்பது ரவிக்கை தைக்கும் எந்தத் தையற்காரராலும் முடியும்.

மழையில் நனைந்து வந்தால், அதாவது கோட்டு பிரான்சிலிருக்கும்போது, நன்றாக உதறி, அகன்ற தோள் கொண்ட மாட்டியில் மாட்டி, விசிறிக் காற்றில் விடுங்கள். ஹேர்டிரையர் கூடாது, ஹீட்டர் பக்கம் கூடாது. காய்ந்தபின் கையால் ஒருமுறை தடவினால் மயிர் தானே எழும்.

வைக்கும் விதம். பட்டுச்சேலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைக்கிறோமே, ஜரிகை மடிப்பில் ஒடியும் என்று. ஃபரை மடிக்கவே கூடாது. மடித்த இடத்தில் தோல் வெடிக்கும். கம்பி மாட்டியில் தொங்கவிட்டாலும் எடை முழுதும் தோளில் இறங்கிக் கிழியும், அகன்ற மர மாட்டி வேண்டும், அல்லது கம்பி மாட்டிக்குப் பழைய துணி சுற்றித் தடிப்பாக்கிக்கொள்ளுங்கள். மேலே பருத்தி உறை. பழைய வேட்டியில் ஒரு மணி நேரத்தில் தைத்துவிடலாம். டிரைகிளீனர் கொடுத்த பாலித்தீன் உறையோடு அப்படியே மாட்டிவைப்பதுதான் இந்த ஊரில் ஃபருக்குக் கிடைக்கும் பெரிய தண்டனை. உள்ளே ஈரம் அடைபட்டு வேகும். இரும்பு பீரோவா, மர அலமாரியா என்று கேட்பீர்கள். மரம் கொஞ்சம் ஈரத்தை வாங்கிக் கொடுத்துச் சமன் செய்யும், ஆனால் கறையான் பயம். இரும்பு என்றால் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி, வீட்டின் உள்ளறையில் வையுங்கள்.

ஈரம் உறிஞ்சச் சிலிக்கா ஜெல் பைகள் நல்லவை. நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். நீலநிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு உண்டு, ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். கடையில் டப்பாவாக விற்கிறார்களே, தண்ணீர் சேர்ந்து நிரம்புமே, அதில் கால்சியம் குளோரைடு இருக்கிறது. அது கவிழ்ந்து தோலில் பட்டால் அந்த இடம் நிரந்தரமாக ஈரமாகவே இருக்கும். வைப்பதானால் அலமாரியின் தரையில், கோட்டுக்கு நேர் கீழே இல்லாமல். குளிர்சாதன அறையில் வைத்தால் நல்லதுதானே என்றால், நாள் முழுதும் ஓடுகிற அறை என்றால் மிக நல்லது. இரவில் ஓடிப் பகலில் நிற்கிற அறையில் ஈரம் தினமும் ஏறி இறங்கும். அதைவிடச் சாதாரண உள்ளறை மேல்.

கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

‘செயற்கை ஃபரைத் துவைக்கலாமா?’ தாராளமாக. குளிர்ந்த நீர், கொஞ்சம் ஷாம்பு, கையால். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்துங்கள். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும்.

‘பூஞ்சணம் பூத்துவிட்டது.’ வீட்டுக்குள் உதற வேண்டாம். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, மொட்டைமாடி நிழலில் மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். பிறகு மேலே சொன்ன மாதிரி உலர்நேரத்தில் பல நாள் காற்றாட விடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் அடுத்த பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியதாகும்.

‘தாத்தா கொண்டுவந்த தோளாடை, புள்ளிகள் இருக்கின்றன. என்ன மிருகம் என்று தெரியவில்லை.’ இது கவனமாகக் கையாள வேண்டியது. சிறுத்தை, பனிச்சிறுத்தை, நீர்நாய் போன்றவற்றின் தோலை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கவோ விற்கவோ பரிசளிக்கவோ முடியாது. தாத்தாவின் நினைவு என்பது சட்டத்துக்குச் சமாதானம் ஆகாது. வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு வனத்துறையை அணுகுங்கள். இணையத்தில் படம் போட்டு விலை கேட்காதீர்கள். மிங்க், நரி, சின்சில்லா ஃபர் இறக்குமதியையும் 2017 ஜனவரியில் இந்தியா தடைசெய்துவிட்டது. ஆகவே ‘இன்னொன்று வாங்கி அனுப்பட்டுமா அம்மா?’ என்று பாரிஸிலிருந்து மகன் கேட்டால், சுங்கத்துறையைக் கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

‘ஃபர் உடுத்துவது பாவமில்லையா?’ என் எண்ணம் இது: புதிதாக வாங்குவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பிரான்சே 2021 நவம்பர் சட்டத்தால் மிங்க் பண்ணைகளை மூடிவிட்டது. அறுபது வருடம் முன்பு செத்த பிராணியின் தோலைக் குப்பையில் போட்டால் அந்தப் பிராணி பிழைக்காது. இருப்பதைக் காப்பாற்றுங்கள், அல்லது உண்மையாகவே குளிரில் நடுங்குகிற ஒருவருக்குக் கொடுங்கள். இதில் என்னோடு உடன்படாதவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். தேநீர் இடைவேளையில் சண்டை போடலாம்.

‘தோள் கிழிந்திருக்கிறது, தைக்கலாமா?’ லைனிங்கைப் பிரித்துத் தோலைக் கிள்ளிப் பாருங்கள். கிழிசலுக்குப் பக்கத்துத் தோல் மென்மையாக வளைந்தால் தைக்கலாம். உள்பக்கமிருந்து, மயிரை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டு, விளிம்பும் விளிம்பும் தொடும்படி மெல்லிய தோல்ஊசியால், மெழுகு தடவிய நூலால், சுற்றுத்தையல். தையலுக்கு மேல் பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் இழுவை நாடாவுக்குப் போகும். தையல் இயந்திரத்தில் கொடுக்காதீர்கள். பொட்டுப் பொட்டாக ஊசித்துளை விழுந்து, தபால்தலை கிழிவதுபோல் கிழிந்து வரும். கிள்ளும்போதே சடசடவென்று சத்தம் வந்தால், விரலில் பொடி ஒட்டினால், அந்தத் தோல் எந்தத் தையலையும் தாங்காது. நல்ல பகுதியை மட்டும் வெட்டி ஒரு தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டுவது கத்திரியால் அல்ல, தோல் பக்கமிருந்து பிளேடால், தோல் மட்டும் அறும்படி; கத்திரி மயிரையும் நறுக்கிவிடும்.

மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா மடியில் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அது அஸ்த்ரகான் என்று இங்கிருந்தே தெரிகிறது. அம்மா, பாலித்தீனிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். இந்த மேசைக்குக் கொண்டுவாருங்கள், லைனிங்கின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துத் தோலைப் பார்த்துவிடலாம். யாரிடமாவது சிறிய கத்திரி இருந்தால் கொடுங்கள்.